ஒரு திசையில் மட்டும் வீசவேண்டிய காற்று

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலக் கரையோரத்தில், மெக்சிக்கோ வளைகுடாவை நோக்கிக் கிடக்கும் ஒடுங்கிய மணல் தீவு கல்வெஸ்ரன். 1900 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் திகதி கடல் பொங்கி இத்தீவின் மீது ஏறியபோது குறைந்தது ஆறாயிரம் பேர் மாண்டனர். அமெரிக்க வரலாற்றில் இயற்கை அனர்த்தம் ஒன்றினால் மிக அதிகமான உயிர்கள் பலியான நாள் இன்றுவரை அதுவேயாகும். அதே தீவில், எபோலா, மார்பேர்க், நிப்பா ஆகிய கொடிய வைரஸ்களை வைத்து ஆராயும் கல்வெஸ்ரன் தேசிய ஆய்வுகூடம் 2008 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், செப்டெம்பர் 13 ஆம் திகதி அதிகாலையில், ‘ஐக்’ என்னும் சூறாவளி கல்வெஸ்ரனைத் தாக்கி ஊரையும் ரெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தின் கீழ்த்தளங்களையும் நீரில் மூழ்கடித்திருந்தது. இத்தகைய கிருமிகளை இத்தகைய இடத்தில் வைத்திருப்பது அறிவுடைமையாகுமா என்று அப்போது பலர் கேட்டனர். சுற்றாடல் பாதுகாப்பு அமைப்புகளும் கேட்டன.

கேள்வி நியாயமானது. ஹூஸ்ரனிலும் டலசிலும், நியூ ஜேர்சியிலும், சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியிலும் வாழும் எம்மவர்களுக்கும் இது அந்நியமான கேள்வியன்று. இம்மூன்று இடங்களிலும் உயர் பாதுகாப்பு ஆய்வுகூடங்கள் உள்ளன. எமது பிள்ளைகளிற் சிலர் அவற்றில் ஆய்வாளராகின்றனர். வேறு சிலர் அவற்றின் குளிரூட்டிகளையும் கொதிகலன்களையும் பராமரிக்கின்றனர். இரவில் நிலம் துடைப்போரும் எம்மவரிடையே உளர். ஆனால் அக்கட்டடங்கள் எதனாற் பாதுகாப்பானவை என்பதை யாரும் எமக்கு விளக்கிக் கூறுவதில்லை.

பாதுகாப்பு என்றதும் முட்கம்பி வேலியும் துப்பாக்கி ஏந்திய காவலரும் எமது கண்முன் தோன்றுவது இயல்பே. சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த மக்கள் நாம். வேலியும் காவலும் தேவைதான். அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2008 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், நான்காம் நிலை ஆய்வுகூடங்கள் ஐந்தினுள் இரண்டின் வெளிக்காவல் மிகப் பலவீனமானது என்று கண்டது. ஒன்று ரெக்சாஸ் சான் அன்ரோனியோவிலும் மற்றையது அற்லாண்டாவிலும் இருந்தன. கொடிய கிருமிகள் கையாளப்படும் அறையை நேரே நோக்கும் வெளி யன்னல் கூட அவற்றுள் ஒன்றில் இருந்ததாம். இவை திருத்தப்படக்கூடிய குறைகள். ஆனால் கிருமிக்கு யன்னலும் வேண்டாம், கதவும் வேண்டாம். அது காற்றில் மிதந்து போகும். கழிவுநீரில் கரைந்து போகும். ஆகவே இக்கட்டடத்தின் மெய்யான மதில் கல்லால் ஆனதன்று, காற்றோட்டத்தால் ஆனது. அம்மதிலைக் கட்டுபவர்கள் இயந்திரப் பொறியியலாளரும் மின் பொறியியலாளரும் ஆவர்.

வளியால் ஆன மதில்

தத்துவம் எளிது. நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போல வளி அமுக்கம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடும். எனவே ஆய்வுகூடத்தின் உள்ளறையில் அமுக்கத்தை மிகக் குறைவாகவும், அதற்கு வெளியே உள்ள அறையில் சற்றுக் கூடுதலாகவும், நடைவழியில் இன்னும் கூடுதலாகவும் வைத்தால், கதவிடுக்கு எங்கேனும் இருந்தாலும் வெளிவளி உள்ளே செல்லுமேயன்றி உள்வளி வெளியே வராது. உள்ளே தரும் வளியிலும் சற்று அதிகமான வளியை விசிறிகள் இடைவிடாது உறிஞ்சி எடுப்பதன் மூலம் இந்நிலை பேணப்படுகின்றது.

இதற்கு வேண்டிய அமுக்க வேறுபாடு எவ்வளவு? அமெரிக்க வடிவமைப்பு வழக்கில் அறைக்கு அறை ஏறத்தாழ 12.5 பஸ்கால். குடிக்கும் குழலொன்றை நீரில் ஒன்றேகால் மில்லிமீற்றர் ஆழத்துக்கு அமிழ்த்தி ஊதிக் குமிழி எழுப்ப வேண்டிய அமுக்கம் அவ்வளவே. எம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டல அமுக்கத்தில் இது எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. இந்த மெல்லிய வேறுபாட்டை இரவும் பகலும், ஒருவர் கதவைத் திறக்கும்போதும், புயற்காற்று கட்டடத்தில் மோதும்போதும், விசிறி ஒன்று பழுதடையும்போதும் காத்துநிற்கவேண்டும். அடுத்தடுத்து அமைந்த இரு கதவுகளுள் ஒன்று மூடியபின்னரே மற்றது திறக்குமாறு பிணைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. ஒரு விசிறி போதுமான இடத்தில் இரண்டு விசிறிகள் பூட்டப்படுவதும் இதனாலேயே.

விசிறிகளை இயக்கும் ஒழுங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. முதலில் உறிஞ்சும் விசிறி ஓடத் தொடங்கவேண்டும்; அதன் பின்னரே உட்செலுத்தும் விசிறி. நிறுத்தும்போது ஒழுங்கு மாறவேண்டும். உறிஞ்சும் விசிறி நின்றபின்னரும் உட்செலுத்தும் விசிறி சில விநாடிகள் ஓடினால் போதும், அறை ஊதப்பட்ட பலூனாகி உள்வளி வெளியே தள்ளப்படும். மறுபுறத்தில், உட்செலுத்துவது நின்று உறிஞ்சுவது மட்டும் தொடர்ந்தால் அமுக்கக் குறைவு எல்லை மீறும். அது இருபது மடங்கானால் சாதாரணக் கதவொன்றின் மேல் ஏறத்தாழ ஐம்பது கிலோ நிறைக்குச் சமமான விசை அழுத்தும்; உள்ளே நிற்பவர் கதவைத் திறக்கத் திணறுவார்; கூரைத் தகடுகள் வளையும். இரண்டு பக்கமும் பள்ளம் உள்ள வரம்பின் மேல் நடப்பது போன்றது இவ்வேலை.

எமது வீடுகளிலுள்ள குளிரூட்டி ஒரே வளியைத் திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றது. நான்காம் நிலை ஆய்வுகூடத்தில் அறையை விட்டுப் போகும் வளி அங்கு மீண்டும் பயன்படுத்தப்படுவதில்லை. கல்வெஸ்ரனின் ஈரம் மிகுந்த கடற்காற்றை உள்ளிழுத்து, ஈரத்தைப் பிழிந்து, குளிர்வித்து, வடிகட்டி, அறைக்குள் விட்டு, சில நிமிடங்களில் முழுவதையும் வெளியே எறிந்துவிடவேண்டும். ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போன்ற செலவு இது. இவ்வகைக் கட்டடம் சாதாரண அலுவலகத்தைவிடச் சதுர அடிக்குப் பன்மடங்கு சக்தியை விழுங்குவது இதனால்தான். கட்டடத்தினுள் இடத்தைப் பிடித்துக்கொள்வதும் இயந்திரங்களே. ஆய்வு நடைபெறும் தளத்துக்கு மேலும் கீழும் முழுத் தளங்கள் குழாய்களுக்கும் விசிறிகளுக்கும் வடிகட்டிகளுக்கும் கழிவுக்கலன்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பராமரிப்பவர் கிருமி உள்ள அறைக்குட் செல்லாமலே தமது வேலையைச் செய்யவேண்டும் என்பது நோக்கம்.

நான்காம் நிலையில் வேலைசெய்யும் ஆய்வாளர் விண்வெளி வீரரைப் போன்ற முழு உடையை அணிந்திருப்பார். அதனுள் வேறொரு குழாய் வழியாகச் சுத்த வளி ஊட்டப்படுகின்றது. உடையின் உள்ளே அமுக்கம் கூடுதல், வெளியே குறைவு. உடையில் ஊசித்துளை விழுந்தாலும் வளி வெளிநோக்கியே வீசும். கட்டடத்துக்குச் செய்த அதே கணக்கை உடைக்குத் தலைகீழாகச் செய்திருக்கின்றனர்.

ஒரு வடிகட்டி, ஒரு கழிவுக்குழாய்

வெளியேறும் வளி ‘ஹெப்பா’ எனப்படும் வடிகட்டிகளின் ஊடாகப் போகின்றது. ஒரு மீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்கிரோன். 0.3 மைக்கிரோன் பருமனுள்ள துணிக்கைகளில் 99.97 வீதத்தை இவ்வடிகட்டி பிடித்துக்கொள்ளும். வைரசுகள் அதிலும் சிறியவை ஆயிற்றே, அவை தப்பிவிடாவா என்று வாசகர் வினவலாம். தப்புவதில்லை. மிகச் சிறிய துணிக்கைகள் வளி மூலக்கூறுகளால் அங்குமிங்கும் தட்டுண்டு தடுமாறிச் செல்வதால் வடிகட்டியின் நார்களில் எப்படியும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. பெரியவை தமது பருமனாலும் வேகத்தாலும் அகப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே, பிடிப்பதற்கு மிகக் கடினமான பருமன் 0.3 மைக்கிரோனை அண்டியது. சோதனையும் அதனைக் கொண்டே செய்யப்படுகின்றது. நான்காம் நிலையில் இத்தகைய வடிகட்டிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் அவற்றில் கசிவு உண்டா என்று சோதித்துச் சான்று பெறவேண்டும்.

வடிகட்டி இல்லாவிடில் நேர்வது என்ன என்பதை உலகம் ஒருமுறை கண்டது. சோவியத் ஒன்றியத்தின் சிவெர்த்லோவ்ஸ்க் நகரில் 1979 ஏப்ரலில் அந்திராக்ஸ் நோயினால் குறைந்தது 66 பேர் இறந்தனர். கெட்ட இறைச்சியை உண்டதால் வந்த நோய் என்று அரசு பல ஆண்டுகள் கூறிவந்தது. 1992 இல் ஜனாதிபதி யெல்ற்சின், காரணம் இராணுவமே என்று ஒப்புக்கொண்டார். ஹார்வாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தியூ மெசெல்சன் தலைமையில் அங்கு சென்ற குழு, இறந்தவர்கள் வசித்த, வேலைசெய்த இடங்களை வரைபடத்திற் குறித்துப் பார்த்தது. இராணுவக் கட்டடத்திலிருந்து அன்றைய காற்று வீசிய திசையில், ஒடுங்கிய ஒரே பட்டையில் அவை அமைந்திருந்தன. 1994 இல் அம்முடிவு வெளியிடப்பட்டது. வெளிப்போக்கு வளியின் வடிகட்டி ஒன்று கழற்றப்பட்டு, மீண்டும் பொருத்தப்படாமலே இயந்திரம் இயக்கப்பட்டதென்று சோவியத் கிருமியாயுதத் திட்டத்தில் உயர் பதவி வகித்துப் பின்னர் அமெரிக்காவுக்கு வந்த கென் அலிபெக் 1999 இல் எழுதினார்.

இங்கிலாந்து வாழ் எம்மவர்களுக்கு மற்றைய உதாரணம் நினைவிருக்கும். 2007 ஓகஸ்ட்டில் சரே பகுதியின் பண்ணை ஒன்றில் கோமாரி என்று நாம் அழைக்கும் கால்–வாய் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அது அருகேயுள்ள பிர்பிரைற் ஆய்வு வளாகத்திலிருந்து வந்த கிருமி. ஆய்வுகூடங்களிலிருந்து இறுதிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவுநீரைக் கொண்டுசென்ற நிலத்தடிக் குழாய்கள் பழையவை. வெடித்தும் மரவேர் புகுந்தும் இருந்தன. அவ்வாண்டின் கடுமழையில் அவை பொங்கி மண்ணை நனைத்திருக்கலாம் என்றும், கட்டட வேலைக்கு வந்த வாகனங்களின் சில்லுகளில் அம்மண் ஒட்டிச் சென்றிருக்கலாம் என்றும் விசாரணையாளர் முடிவுசெய்தனர். குழாய்களின் நிலை பற்றி முன்னரே கவலை இருந்தது. மாற்றுவதற்கு யார் பணம் செலுத்துவது என்பதில் இழுபறி இருந்தது. உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் நிறைந்த வளாகத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு சாக்கடைக்குழாய்.

நான்காம் நிலைக் கட்டடங்களில் கழிவுநீர் நேரே நகரச் சாக்கடைக்குப் போக விடப்படுவதில்லை. கைகழுவிய நீர், உடையைக் கழுவும் இரசாயனப் பொழிவின் நீர், எல்லாம் கீழ்த்தளத்திலுள்ள உருக்குக் கலன்களில் விழுகின்றன. அங்கு நீராவியின் வெப்பத்தால் அவிக்கப்பட்டு, கிருமி மாண்டது உறுதியான பின்னரே வெளியே விடப்படுகின்றன. குழாயிலிருந்து வாயு வெளியேறும் துவாரத்துக்கும் வடிகட்டி வேண்டும். தீயணைக்கத் தெளிக்கப்படும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நீர் பள்ளத்தை நாடுவதால் இக்கலன்கள் கீழே இருக்கவேண்டும் என்பது இயற்கை. வெள்ளம் வரும் தீவிலோ கீழே எதையும் வைக்க முடியாது. கல்வெஸ்ரனில் வடிவமைப்பாளரை வாட்டிய சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

மின்சாரம் நிற்கும் பத்து விநாடிகள்

இதுவரை கூறிய அனைத்தும் மின்சாரத்தில் தங்கியிருக்கின்றன. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் மின்சாரமின்றி வாழ்ந்து, எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த வேளையில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட எமது மக்களுக்கு, மாற்று மின்சாரம் என்பது என்னவென்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளிரில் வைக்கவேண்டிய தடுப்பு மருந்து கெட்டுப்போகும் என்ற பதைப்பை எமது தாதியரும் மருத்துவரும் அனுபவித்திருக்கின்றனர்.

இவ்வகை ஆய்வுகூடத்தில் வெளி மின்சாரம் அறுந்தால், அவசர மின்பிறப்பாக்கிகள் பத்து விநாடிகளுள் சுமையை ஏற்கவேண்டும் என்பது விதி. அப்பத்து விநாடிகளுள் விசிறிகள் வேகமிழக்கும். அந்த இடைவெளியில் கட்டுப்பாட்டுக் கணினிகளும் எச்சரிக்கை மணிகளும் கதவுப் பூட்டுகளும் மின்கலத் தொகுதியில் இயங்கிக்கொண்டிருக்கும். வளிக்குழாய்களில் உள்ள இறுக்கமான அடைப்புகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அறை அசையாமல் நிற்கவேண்டும். அமுக்கம் வெளிநோக்கித் திரும்பலாகாது.

ஏட்டில் இருப்பது நாட்டில் நடப்பதில்லை. அற்லாண்டாவில் நோய்க்கட்டுப்பாட்டு மையம் பெருஞ்செலவிற் கட்டிய புதிய நான்காம் நிலை ஆய்வுகூடத்தில் 2007 ஜூனில் இடி விழுந்து மின்சாரம் நின்றது. மாற்று மின்சாரமும் வரவில்லை. ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இருள். அயலில் வேலைசெய்த கட்டடத் தொழிலாளர் முக்கியமான புவித்தொடுப்புக் கம்பி ஒன்றை வெட்டியிருந்தமை பின்னர் தெரியவந்தது. நற்காலமாக அங்கு அப்போது கிருமிகள் கொண்டுவரப்படவில்லை. மறு ஆண்டு அதே வளாகத்தில் இன்னொரு மின்தடை. அம்முறை மின்மாற்றியில் குறுஞ்சுற்றை உண்டாக்கியது ஒரு பறவை.

ரெக்சாசில் நடந்தது இன்னும் பெரிது. 2001 ஜூனில் ‘அலிசன்’ என்ற வெப்பமண்டலப் புயல் ஹூஸ்ரன் மருத்துவ நகரத்தை மூழ்கடித்தது. பேலர் மருத்துவக் கல்லூரியிலும் ரெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலும் நிலக்கீழ்த் தளங்களில் வளர்க்கப்பட்ட ஆய்வு விலங்குகள் ஆயிரக்கணக்கில் நீரில் மாண்டன. பல ஆண்டுகளின் உழைப்பு அழிந்தது. மெமோரியல் ஹேர்மன் மருத்துவமனையிலிருந்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நோயாளிகள் வெளியேற்றப்பட்டனர். மருத்துவ நகரத்தின் பல கட்டடங்களில் மின்பிறப்பாக்கிகள் மேலேயே இருந்தன; அவற்றின் மின்சாரத்தைக் கட்டடத்துக்குள் மாற்றிவிடும் ஆளிப்பலகைகள்தாம் கீழே வெள்ளத்தில் நின்றன. பதினோர் ஆண்டுகளின் பின், 2012 ஒக்ரோபரில் ‘சான்டி’ புயல் நியூ ஜேர்சியையும் நியூயோர்க்கையும் தாக்கியபோது, நியூயோர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஏறக்குறைய இதே கதை மீண்டும் நடந்தது. நோயாளிகள் படிக்கட்டு வழியே சுமந்து இறக்கப்பட்டனர். ஆய்வுகூடத்தின் எலிகள் மூழ்கி இறந்தன.

ஹூஸ்ரனின் படிப்பினையை ஐம்பது மைல் தொலைவிலுள்ள கல்வெஸ்ரன் கேட்டறிந்துகொண்டது எனலாம். ஏழு மாடிகள் கொண்ட தேசிய ஆய்வுகூடம், நிலத்தினுள் 120 அடி ஆழத்துக்கு அடித்திறக்கிய கொங்கிறீற்றுத் தூண்களின் மேல் நிற்கின்றது. மணிக்கு 140 மைல் வேகக் காற்றைத் தாங்க வடிவமைக்கப்பட்டது. உயர் பாதுகாப்பு அறைகளும் மாற்று மின்பிறப்பாக்கிகளும் கடல் மட்டத்திலிருந்து 30 அடி உயரத்தில் வைக்கப்பட்டன. செலவு ஏறத்தாழ 174 மில்லியன் டொலர். ‘ஐக்’ வந்தபோது கட்டடம் பெரும்பாலும் முடிந்திருந்தது. ஊர் மூழ்கியபோதும் அதற்குப் பெருஞ்சேதம் இல்லை. இருந்தும் பொறியியலாளர்கள் இயந்திரத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சூறாவளி அணுகும்போது பரிசோதனைகளை முன்கூட்டியே நிறுத்தி, அறைகளைக் கிருமி நீக்கம் செய்து, மாதிரிகளை உறைகலனிற் பூட்டிவிட்டு வெளியேறுவது அங்குள்ள நடைமுறை. புயல் வருவதற்குச் சில நாள் அவகாசம் தருகின்றது. அதுவே கல்வெஸ்ரனுக்கு உள்ள ஒரே சலுகை.

இந்த ஒப்பீட்டில் சான் பிரான்சிஸ்கோ குடாப் பகுதியின் நிலை வேறு. நிலநடுக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. லிவர்மோர் தேசிய ஆய்வுகூடம் 1980 ஜனவரியில் அருகேயுள்ள கிறீன்வில் நிலப்பிளவு அசைந்தபோது சேதமுற்றது. அதே வளாகத்தில் மூன்றாம் நிலைக் கிருமி ஆய்வுகூடம் அமைக்கப்பட்டபோது அயலவர் நீதிமன்றம் சென்றனர். பயங்கரவாதத் தாக்குதல் ஒன்றின் விளைவையும் ஆராயவேண்டுமென 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பணித்தது. 2008 ஜனவரியில் ஆய்வுகூடம் இயங்கத் தொடங்கியது. நிலநடுக்க நாட்டில் சுவர் நிற்பது மட்டும் போதாது. தென்கலிபோர்னியாவின் ஒலிவ் வியூ மருத்துவமனை 1971 இன் நடுக்கத்தில் உடைந்து, மிக உறுதியாக மீளக் கட்டப்பட்டது. 1994 இல் நோத்ரிட்ஜ் நடுக்கம் வந்தபோது கட்டடம் அசையாது நின்றது. ஆயினும் நீர்க்குழாய்கள் உடைந்து தளங்கள் நனைந்ததால் நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. குழாய்களையும் வளிக்குழாய்களையும் எல்லாத் திசைகளிலும் இழுத்துக் கட்டுவதும், கட்டடத்தின் இரு பகுதிகள் வெவ்வேறாக ஆடும் இடத்தில் வளைந்துகொடுக்கும் இணைப்பு வைப்பதும் அங்கு கட்டாயமாயின. 2019 ஒக்ரோபரில் காட்டுத்தீக்கு அஞ்சி மின் நிறுவனமே மின்சாரத்தை நிறுத்தியபோது, பேர்க்கிலி பல்கலைக்கழகம் வகுப்புகளை நிறுத்தியது. ஆய்வாளர் உறைகலன்களைக் காக்க ஓடினர். ரெக்சாசில் 2021 பெப்ரவரிப் பனிப்புயலில் மாநிலத்தின் மின்வலையமைப்பே தளர்ந்தது. 246 பேர் இறந்ததாக மாநில அரசின் கணக்கு. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அமெரிக்காவில் ஒருபோதும் நிற்காது என்று எண்ணி வந்த எம்மில் பலர் அக்கிழமை மெழுகுதிரி தேடினர்.

இயந்திரம் இருந்தும்

வடிவமைப்பு எவ்வளவு நேர்த்தியானாலும் பராமரிப்பு குறைந்தால் பயனில்லை என்பதற்கு 1984 டிசம்பர் போபாலை விடக் கொடிய சாட்சி வேண்டுமா? அது ஆய்வுகூடமன்று, பூச்சிகொல்லித் தொழிற்சாலை. ஆனால் உரிமை அமெரிக்க நிறுவனத்தினது. நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் இருந்தது. பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது. அதன் குழாய் திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. பட்டியலில் எல்லாம் இருந்தன. சுற்றியிருந்த குடிசைகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நகரிலேயே பின்னர் இந்திய அரசு விலங்கு நோய்களுக்கான உயர் பாதுகாப்பு ஆய்வுகூடத்தை அமைத்தது.

இத்தகைய கட்டடங்களே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. 1998, 99 ஆம் ஆண்டுகளில் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் பரவி நூறு பேருக்கு மேல் கொன்ற நிப்பா வைரஸ், 2018 இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் 17 உயிர்களைக் குடித்தது. அக்கிருமியைப் பூனாவிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம் விரைந்து உறுதிப்படுத்த முடிந்தமைக்கு, அங்கு 2012 இல் நான்காம் நிலை ஆய்வுகூடம் அமைந்திருந்தமை துணைநின்றது. எபோலாத் தடுப்பூசி ஆய்வில் கல்வெஸ்ரனின் விஞ்ஞானிகளுக்குப் பங்குண்டு. கொவிட் தடுப்பூசியின் திறனைச் சோதித்ததிலும் அவ்வளாகத்துக்குப் பங்குண்டு. நாம் கேட்பது இவை எங்கே, யாருடைய அயலில், யாருடைய கண்காணிப்பில் என்பதே.

பொஸ்ரனில் கல்வெஸ்ரனின் இரட்டைப் பிள்ளையாகத் திட்டமிடப்பட்ட ஆய்வுகூடம், கறுப்பினத்தவரும் வறியவரும் நெருங்கி வாழும் பகுதியின் அருகே கட்டப்பட்டது. அயலவர் வழக்காடினர். கட்டடம் முடிந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 2017 டிசம்பரிலேயே நான்காம் நிலை ஆய்வுக்கு நகரச் சுகாதார ஆணையம் இறுதி அனுமதி வழங்கியது. அவ்வளவு காலம் எடுத்தது நட்டமென்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நியூ ஜேர்சியின் நியூவார்க் நகரிலும் மூன்றாம் நிலை ஆய்வுகூடம் உண்டு. அதைச் சூழ வாழ்வோரும் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் குடியேறியவர்களுமே. 2005 செப்டெம்பரில் அந்நகர ஆய்வு நிலையம் ஒன்றில் கொள்ளைநோய்க் கிருமி ஏற்றப்பட்ட மூன்று எலிகளைக் காணவில்லை. கணக்கிற் பிழையா, எலி தப்பியதா என்பது தெளிவாகவில்லை. கல்வெஸ்ரனிலும் 2013 மார்ச்சில் வெனிசுவெலாவைச் சேர்ந்த வைரஸ் அடங்கிய சிறு குப்பி ஒன்று கணக்கில் குறைந்தது. துப்புரவின்போது அழிந்திருக்கலாம் என்றனர். இவ்விரண்டிலும் வளியும் வடிகட்டியும் தவறவில்லை.

இயந்திரங்களைப் பேணும் கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 நவம்பரில், புதிய ஆய்வுகூடத்தின் திறப்பு விழா நடந்த அதே மாதத்தில், புயல் நட்டத்தைக் காரணம் காட்டிக் கல்வெஸ்ரன் மருத்துவ வளாகம் ஆயிரக்கணக்கான ஊழியரை வேலைநீக்கம் செய்ய முடிவெடுத்தது. அரசும் நன்கொடையாளரும் கட்டடத்துக்குப் பணம் தருவர், விழாவுக்கு வருவர். பத்தாவது ஆண்டில் வடிகட்டி மாற்றவும் பன்னிரண்டாவது ஆண்டில் கழிவுக்குழாய் மாற்றவும் பணம் கேட்டால் கையை விரிப்பர். பிர்பிரைற்றில் நடந்தது அதுவே.

எம்மவர்களுக்கு இத்துறையில் இடம் உண்டா என்று கேட்போருக்கு: உண்டு. அபாயக் கிருமிகளை அணுகுவதற்கு மத்திய புலனாய்வுத் துறையின் சோதனை அவசியம். நாட்டில் சட்டபூர்வமாக இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் கொதிகலன், குளிரூட்டி, விசிறி, மின்பலகை ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலைகளிற் பல அவ்வெல்லைக்கு வெளியே உள்ளவை. குளிரூட்டி வாயுவைக் கையாள்வோருக்குச் சுற்றாடல் பாதுகாப்பு முகமையின் 608 ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. நியூ ஜேர்சியில் கொதிகலன் இயக்குவோர் ‘பிளாக் சீல்’ என்று பேச்சுவழக்கில் கூறப்படும் உரிமம் பெறவேண்டும். ஊரில் மின்பிறப்பாக்கி திருத்திய, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவைத்த கைகளுக்கு இவை எட்டாதவையல்ல. வேலை அனுமதி பெற்றவர்கள் அருகேயுள்ள சமூகக் கல்லூரிகளின் மாலை வகுப்புகளை விசாரித்துப் பார்க்கலாம்.

கல்வெஸ்ரனுக்குத் திரும்புவோம். ‘ஐக்’ சூறாவளியின் பின்னர் தீவையும் ஹூஸ்ரன் துறைமுகத்தையும் காக்கக் கடலில் பெருந்தடுப்பு அமைக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. காங்கிரஸ் அதற்கு 2022 டிசம்பரில் அங்கீகாரம் அளித்தது. அப்போதைய மதிப்பீடு 34 பில்லியன் டொலர். மறு ஆண்டில், விலையேற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 57 பில்லியன் என்றனர். கட்டி முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்லும் என்பது இராணுவப் பொறியியற் படையின் கணிப்பு. அதுவரை ஒவ்வொரு ஜூன் முதல் நவம்பர் வரையும் தீவு மக்கள் வானிலை அறிக்கையைப் பார்த்திருப்பர். முப்பது அடி உயரத்தில் மின்பிறப்பாக்கிகளும், எரிபொருள் அளவைப் பார்த்துக் குறிக்கும் ஒரு பணியாளரும் காத்திருப்பர்.